பேப்பர் கேஸ் ஷீட்ல இருந்து ஈஎச்ஆருக்கு மாறப் போறோம், வாங்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன சரி பண்ணணும்?

காகிதக்கப்பல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரில நிர்வாகத்துல இருக்கேன். ஓபி, ஐபி, சின்னதா ஒரு ஐசியு, லேப், ஃபார்மஸி எல்லாம் இருக்கு. பில்லிங் பல வருஷமா கம்ப்யூட்டர்ல ஓடுது, லேப்ல தனியா ஒரு சாஃப்ட்வேர், மத்தபடி கேஸ் ஷீட், ட்ரீட்மெண்ட் சார்ட், நர்ஸ் நோட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாமே பேப்பர்தான். இப்ப மேனேஜ்மெண்ட் முழுசா ஈஎச்ஆர், அதாவது பேஷண்ட் ரெக்கார்டு எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கற சிஸ்டம், போடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க, கமிட்டில என்னையும் சேத்திருக்காங்க. வெண்டர்ங்க வரிசையா வந்து டெமோ காட்டறாங்க, எல்லாமே பளபளன்னு இருக்கு, எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம் சார்"ங்கறாங்க.

எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு நான் கேக்கல. வாங்கறதுக்கு முன்னாடி எங்க பக்கம் என்ன பண்ணி வெக்கணும்? ஒரே நாள்ல மாறறதா, கொஞ்சம் கொஞ்சமாவா? எங்க டாக்டர்ஸ்ல பாதிப்பேர் வேண்டவே வேண்டாம்ங்கறாங்க, அவங்க சொல்றதுல எவ்வளவு நியாயம் இருக்கு? ரெக்கார்ட் ரூம்ல கூரை வரைக்கும் அடுக்கின பழைய ஃபைலை என்ன செய்யறது? இதைக் கடந்து வந்தவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க.

சர்வர்ரூம்:
சார், நான் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கற வேலையில இருக்கேன், வெண்டர் பக்கமும் இருந்திருக்கேன் ஆஸ்பத்திரி பக்கமும் இருந்திருக்கேன். முதல் விஷயம், டெமோ பாத்து முடிவு பண்ணாதீங்க. டெமோல வர்ற பேஷண்ட்டுக்கு ஒரே ஒரு வியாதிதான் இருக்கும், அலர்ஜி இருக்காது, நடுராத்திரில பெட் மாறமாட்டார். உங்க ஆஸ்பத்திரில நிஜமா நடக்கற கேஸ் நாலை நீங்களே எழுதிக் குடுங்க. மயக்கத்துல வந்து பேரே தெரியாம அட்மிட் ஆனவர், ஐசியுல இருந்து வார்டுக்கு வந்து திரும்ப ஐசியு போனவர், ஆபரேஷன் தள்ளிப்போனவர், டிஸ்சார்ஜ் எழுதி முடிச்சப்புறம் காய்ச்சல் வந்து நிறுத்தி வெச்சவர், இப்படி. மவுஸை உங்க நர்ஸ் கையில குடுங்க, வெண்டர் ஆள் பக்கத்துல நிக்கட்டும். அரை மணி நேரத்துல டெமோல தெரியாதது எல்லாம் தெரிஞ்சுரும்.

ரெண்டாவது, இணைப்பு. ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுக்குத் தகவல் அனுப்பறதுக்குப் பொதுவான வடிவங்கள் இருக்கு. லேப் ரிசல்ட் இன்னிக்கும் பெரும்பாலும் எச்எல்7ங்கற வடிவத்தோட ரெண்டாவது பதிப்பு மெசேஜாத்தான் வரும், ஸ்கேன் படம் டைகாம்ங்கற வடிவத்துல வரும், புது இணைப்பு எல்லாம் எஃப்எச்ஐஆர்ங்கற வடிவம், அதோட நாலாவது வெளியீடு 2018 கடைசில வந்தது. எல்லாரும் ஒரே பேர்ல குறிக்கறதுக்குக் கோடு பட்டியலும் இருக்கு, டெஸ்ட் பேருக்கு லோயின்க், நோய்க்கும் அறிகுறிக்கும் ஸ்னோமெட் சிடி, நோய்ப் புள்ளிவிவரத்துக்கு ஐசிடி. இதெல்லாம் ஐடி ஆளுங்க பேச்சுன்னு விட்டுடாதீங்க. உங்க லேப்ல "எஃப்பிஎஸ்", "ஃபாஸ்டிங் சுகர்", "குளுக்கோஸ் ஃபாஸ்டிங்"ன்னு ஒரே டெஸ்டுக்கு மூணு பேர் இருந்தா, டாக்டர் ஆறு மாச சுகரைப் பாக்கணும்னு கேட்டா ஸ்கிரீன்ல மூணு துண்டா வரும், ஒண்ணுலயும் முழுக்கதை இருக்காது. அந்தப் பேர்களை ஒண்ணாக்கற வேலையை இன்னிக்கே ஆரம்பிக்கலாம், அதுக்கு எந்த வெண்டரும் வேண்டாம்.

மூணாவது, அக்ரிமெண்ட்ல வெளியேறும் வழி இருக்கணும். நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்குப் போனா எங்க டேட்டா முழுசையும் எந்த வடிவத்துல, எத்தனை நாள்ல குடுப்பீங்கன்னு எழுத்துல வாங்குங்க. வாய்ல சொன்னா போதாது.

பணம் இருந்தா எல்லாம் நடந்துரும்னு யாராவது உங்க கமிட்டில சொன்னா இங்கிலாந்து கதையைச் சொல்லுங்க. 2002ல அரசாங்கமே தேசிய அளவுல ஒரு பெரிய திட்டம் ஆரம்பிச்சாங்க, மேல உக்காந்து முடிவு பண்ணி கீழ இருக்கற ஆஸ்பத்திரிகளுக்கு இறக்கினாங்க, கோடிக்கணக்கான பவுண்டு போச்சு, 2011ல கலைக்கறோம்னு அறிவிச்சாங்க. தொழில்நுட்பச் சிக்கல் நிறைய இருந்தது, ஆனா வேலை செய்யறவங்களைச் சரியா கேக்கலைங்கற குறை கடைசி வரைக்கும் கூடவே வந்தது.

நைட்ஷிஃப்ட் நர்ஸ்:
சர்வர்ரூம் சொன்ன கடைசி வரியில இருந்துதான் நான் ஆரம்பிக்கணும். நான் வார்டுல பேப்பரையும் பாத்தவ, கம்ப்யூட்டருக்கு மாறினதையும் பாத்தவ. காகிதக்கப்பல் சார், நீங்க உடனே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. வார்டுல இப்ப எழுதற ஒவ்வொரு பேப்பரையும் எடுத்து வெச்சுக்கிட்டு, இதை யார் எழுதறாங்கன்னு கேக்காதீங்க, இதை யார் படிக்கறாங்க, எப்பப் படிக்கறாங்க, படிச்சுட்டு என்ன செய்யறாங்கன்னு கேளுங்க. பதில் இல்லாத பேப்பர் நிறைய வரும். எப்பவோ ஒரு இன்ஸ்பெக்‌ஷனுக்காகச் சேத்த கட்டம், எப்பவோ ஒரு டாக்டர் கேட்டு அவர் போனப்புறமும் நின்ன ஷீட். அதையெல்லாம் அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தினீங்கன்னா, பேப்பர்ல கோடு போட்டு விட்டுட்டுப் போன இடம் ஸ்கிரீன்ல கட்டாய ஃபீல்டா மாறி, அதை நிரப்பாம அடுத்த பக்கம் போகவே விடாது, அப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத்திணறலோட வந்த பேஷண்ட்டை அட்மிட் பண்ற நர்ஸ் என்ன செய்வா, வாய்க்கு வந்ததை டிராப்டவுன்ல தட்டிட்டு போவா, அந்தப் பொய்த் தகவல் அப்புறம் அழகான டேஷ்போர்டுல வந்து நிக்கும்.

அதே மாதிரி படிக்கறவங்க இருக்கற பேப்பர் எதுன்னும் கண்டுபிடிங்க. பெட் பக்கத்துல தொங்கற ட்ரீட்மெண்ட் சார்ட் வெறும் ரெக்கார்டு இல்ல. டாக்டர் புதுசா ஆர்டர் எழுதினா ஃபைலைத் தனியா நர்ஸ் ஸ்டேஷன் மேசையில வெச்சுட்டுப் போவார், அந்த ஃபைல் அங்க கிடக்கறதே எனக்குச் செய்தி. சில வார்டுல ஷீட் ஓரத்தை மடிச்சு வெப்பாங்க. ஸ்கிரீன்ல அந்த மடிப்பு எங்க? புது ஆர்டர் வந்திருக்குன்னு எனக்கு யார் சொல்றது? இந்தக் கேள்விக்கு வெண்டர்கிட்ட பதில் இல்லாம கோ லைவ் போகாதீங்க, அதாவது புது சிஸ்டத்தை நிஜ வேலைக்கு ஓட விடாதீங்க. பாக்கெட்ல நாங்க வெச்சிருக்கற துண்டுச்சீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்க, ஷிஃப்ட் முழுக்க எங்களுக்கு நிஜமா எது தேவைன்னு அதுலதான் இருக்கும்.

2014ல அமெரிக்கால டல்லாஸ்ல எபோலாவோட வந்த முதல் பேஷண்ட் விஷயம் ஞாபகம் இருக்கலாம். அவர் எங்கிருந்து பயணம் பண்ணி வந்தார்ங்கறதை முதல் தடவை வந்தப்பவே பதிவு பண்ணியிருந்தாங்க. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆஸ்பத்திரி முதல்ல சாஃப்ட்வேர்ல டாக்டருக்கு அது தெரியற மாதிரி இல்லைன்னு சொன்னாங்க, அப்புறம் இல்ல டாக்டர் ஸ்கிரீன்லயும் இருந்ததுன்னு திருத்தினாங்க. எதுவா இருந்தாலும் எனக்குப் படறது ஒண்ணுதான், எழுதினது வேண்டிய ஆள் மனசுக்குப் போய்ச் சேரல. எழுதியாச்சுங்கறதோட நம்ம வேலை முடியறதில்ல.

ஜெனரல்மெடிசின்:
வேண்டாம்னு சொல்ற அந்தப் பாதி டாக்டர்ஸ்ல ஒருத்தனா எழுதறேன், ஆனா நான் எதிர்க்கறது ஈஎச்ஆரை இல்ல, அதை எங்க தலையில கட்டற விதத்தை.

2016ல அமெரிக்கால 57 டாக்டர்களைக் கூடவே இருந்து நேரம் குறிச்சு ஒரு ஆய்வு வந்தது. பேஷண்ட்டோட நேருக்கு நேர் இருக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஈஎச்ஆர்லயும் மேசை வேலையிலயும் போகுதுன்னு வந்துச்சு. வீட்டுக்குப் போயும் ராத்திரி ஒண்ணு ரெண்டு மணி நேரம் அதே வேலை. அங்க நடந்தது அப்படியே எல்லா இடத்துக்கும் பொருந்தும்னு சொல்லமாட்டேன், அவங்க நோட்ஸ்ல பில்லிங்குக்காக எழுத வேண்டியதே ஏகப்பட்டது. ஆனா சிஸ்டர் சொன்ன அதே விஷயம்தான் இங்கயும். எனக்கு அடுத்து இந்தப் பேஷண்ட்டைப் பாக்கப் போற டாக்டருக்காக நான் நோட்ஸ் எழுதறேனா, ஆடிட் பண்றவருக்காக எழுதறேனா? ரெண்டுக்கும் ஒரே பக்கத்துல எழுதச் சொன்னா ரெண்டுமே கெட்டுப் போகும்.

காப்பி பேஸ்ட் இன்னொரு பெரிய ஆபத்து. நேத்து நோட்ஸை இழுத்து இன்னிக்குப் போட்டா மூணு நாள் முன்னாடி எடுத்த ட்யூப் இன்னும் உள்ள இருக்கறதா நோட்ஸ் சொல்லிக்கிட்டே இருக்கும். பக்கம் நீளும், படிக்கறவர் தேடிக்கிட்டே இருப்பார். லாரன்ஸ் வீட்ங்கற டாக்டர் 1968லயே கேஸ் ஷீட்டைப் பிரச்சனை வாரியா எழுதணும்னு சொன்னார், பேஷண்ட் சொல்றது, டாக்டர் பாக்கறது, அவர் மதிப்பீடு, அடுத்த திட்டம்னு நாலு பகுதியா இன்னிக்கு எல்லாரும் எழுதற "எஸ்ஓஏபி" நோட்ஸ் அங்கிருந்து வந்ததுதான். அவர் நோக்கம் டாக்டர் எப்படி யோசிச்சார்னு அடுத்தவருக்குத் தெரியணும்ங்கறது. டெம்ப்ளேட்ல இருபது டிக் போட்ட நோட்ஸ்ல யோசனை எங்க இருக்கு? எனக்கு ரெண்டு வரி சுதந்திரமா எழுத இடம் குடுங்க, "எனக்கு என்ன தோணுது, ஏன்"னு. அது போதும். மருந்து, அலர்ஜி, நோய்ப் பட்டியல், பிபி பல்ஸ் மாதிரி வைட்டல்ஸ், இது நாலும் கட்டமா இருக்கட்டும், மத்தது எழுத்தா இருக்கட்டும்.

டாக்டர்ஸை சம்மதிக்க வைக்கணும்னா நல்லது நடக்கற இடத்தைக் காட்டுங்க. ரிசல்ட் வந்தா உக்காந்த இடத்துல தெரியறது, பழைய ஈசிஜியைப் பக்கத்துல வெச்சுப் பாக்கறது, வீட்ல இருந்து பொட்டாசியம் பாக்கறது, இதுக்கெல்லாம் நானே கையெழுத்துப் போடுவேன். அப்புறம் கோ லைவ் ஆற முதல் ரெண்டு மூணு வாரம் ஓபி அப்பாயிண்ட்மெண்ட்டைப் பாதியாக்குங்க. வழக்கமான கூட்டத்தை வெச்சுக்கிட்டு புது சிஸ்டம் கத்துக்கச் சொல்றது டாக்டருக்கும் கஷ்டம், வெளிய காத்திருக்கறவங்களுக்கும் கஷ்டம்.

காகிதக்கப்பல்:
ஓபி பாதியாக்கறது நாங்க யோசிக்கவே இல்லாத விஷயம், மேனேஜ்மெண்ட்கிட்ட சொல்றேன் டாக்டர், வருமானம் குறையும்னு கேப்பாங்க, ஆனா சொல்றேன். சிஸ்டர், அந்த "யார் படிக்கறாங்க" கேள்வியை நாளைக்கே ஒரு வார்டுல ஆரம்பிக்கறேன்.

மருந்து பக்கம் யாராவது எழுதுங்க. எங்க மேனேஜ்மெண்ட் ஈஎச்ஆர் போடறதுக்கு முதல் காரணமா சொல்றதே மருந்துத் தப்பு குறையும்ங்கறதுதான்.

ஃபார்மஸி கவுன்ட்டர்:
குறையும், நிஜமாவே குறையும், ஆனா தானா குறையாது. 1998ல வந்த ஆய்வுல டாக்டர் கம்ப்யூட்டர்ல நேரடியா ஆர்டர் போடறதால சீரியஸான மருந்துத் தப்பு 55 சதவீதம் குறைஞ்சதுன்னு காட்டினாங்க. 2010ல இன்னொண்ணு, பெட்ல மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி பேஷண்ட் கைப்பட்டை பார்கோடையும் மருந்து பார்கோடையும் ஸ்கேன் பண்றதால, நேரம் தவறினதை விட்டுட்டு மத்த தப்புகள் 41 சதவீதம் குறைஞ்சது. கையெழுத்து புரியாம போன் போட்டுக் கேக்கறது எங்களுக்குத் தினசரி வேலை, அது ஒண்ணு போனாலே எவ்வளவோ நிம்மதி.

ஆனா 2013ல அமெரிக்கால பெரிய பேர் பெத்த ஆஸ்பத்திரில, நல்ல விலையுயர்ந்த சிஸ்டத்துல நடந்ததை உங்க கமிட்டில கண்டிப்பா சொல்லுங்க. 16 வயசுப் பையன், வழக்கமா எடுக்கற ஆன்டிபயாட்டிக், ஒரு மாத்திரை போதும். ஆர்டர் ஸ்கிரீன் மில்லிகிராம்ல இல்லாம ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்ங்கற அளவுல நின்னிருக்கு, டாக்டர் 160ன்னு அடிச்சிருக்கார், அதை அவன் எடையால பெருக்கி 38 ½ மாத்திரைன்னு கணக்கு வந்துச்சு. அலர்ட் வந்தது. டாக்டருக்கும் வந்தது, ஃபார்மசிஸ்ட்டுக்கும் வந்தது, தினம் வர்ற நூறு அலர்ட் மாதிரி இதுவும் ஒண்ணுன்னு தாண்டிட்டாங்க. ரோபோ சரியா 38 ½ எண்ணிப் பேக் பண்ணுச்சு. நர்ஸுக்கு சந்தேகம் வந்துச்சு, ஆனா பார்கோடு ஸ்கேன் பண்ணா சரின்னு சொல்லுது. குடுத்துட்டாங்க. பையன் வலிப்பு வந்து பிழைச்சான்.

இதுல ஒருத்தரும் அலட்சியமா இருக்கல, அதுதான் எனக்குப் பயமே. ஒவ்வொருத்தரும் முன்னாடி இருக்கறவர் சரிபார்த்திருப்பார்னு நம்பினாங்க, கடைசில எல்லாரும் ஸ்கிரீனை நம்பினாங்க. மருந்து அலர்ட்டை எவ்வளவு பேர் தாண்டிப் போறாங்கன்னு 2006ல தொகுத்துப் பாத்தப்ப 49ல இருந்து 96 சதவீதம் வரைக்கும் இருந்தது. வெண்டர் குடுக்கற அலர்ட் எல்லாத்தையும் ஆன் பண்ணி வெச்சா பாதுகாப்பு கூடும்னு நினைக்காதீங்க, குறையும். நிஜமா ஆளைக் கொல்லக்கூடியது எதுன்னு உங்க ஃபார்மசிஸ்ட்டும் டாக்டரும் உக்காந்து ஒரு சின்னப் பட்டியல் போடுங்க, அது மட்டும் வேலையை நிறுத்தற அலர்ட்டா இருக்கட்டும், மத்ததைப் பக்கத்துல சின்னதா காட்டினா போதும். பத்து மடங்கு டோஸுக்கும் "சாப்பாட்டோட எடுக்கவும்"க்கும் ஒரே மஞ்சப் பெட்டி வந்தா எந்த மனுஷன் நிதானமா படிப்பான்?

இப்பவே தொடங்கக்கூடிய வேலை மருந்து மாஸ்டர், அதாவது ஆஸ்பத்திரில இருக்கற எல்லா மருந்துக்குமான ஒரே மூலப் பட்டியல். ஒரே மருந்து கம்பெனி பேர்ல ஒண்ணு, ஜெனரிக் பேர்ல ஒண்ணு, எழுத்துப்பிழையோட ஒண்ணுன்னு ஸ்டோர்ஸ்ல இருக்கும். அலர்ஜியை எழுத்தா டைப் பண்ண விடாதீங்க, பட்டியல்ல இருந்து எடுக்கணும். "பென்சிலின் ஒத்துக்காது"ன்னு யாரோ நோட்ஸ் பகுதில டைப் பண்ணி வெச்சா சிஸ்டத்துக்கு அது வெறும் எழுத்து, அதே பென்சிலின் வகையைச் சேந்த அமாக்ஸிசிலின் ஆர்டர் போட்டா வாயே திறக்காது. எடை எப்பவும் கிலோல மட்டும். கூட ஒரு விஷயம், நர்ஸுக்கு மனசுல உறுத்தினா நிறுத்தறதுக்கு அதிகாரம் இருக்கணும், பார்கோடு பச்சை காட்டினாலும்.

சர்வர்ரூம்:
ஒரே நாள்ல மாறறதா படிப்படியாங்கற கேள்விக்கு யாரும் வரல, நான் என் கருத்தைச் சொல்றேன். படிப்படி. முதல்ல பேஷண்ட் பதிவு, லேப் ரிசல்ட் பாக்கறது, அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரி, அப்புறம் ஓபி நோட்ஸ், கடைசில ஐபி மருந்து ஆர்டர். ஒவ்வொண்ணும் நின்னப்புறம் அடுத்தது.

நைட்ஷிஃப்ட் நர்ஸ்:
இதுல நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. பாதி பேப்பர் பாதி கம்ப்யூட்டர்னு இருக்கற காலம்தான் வார்டுக்கு ரொம்ப ஆபத்தான காலம். இன்சுலின் ஒரு இடத்துல, ஆன்டிபயாட்டிக் இன்னொரு இடத்துல இருந்தா, எதைப் பாத்து எதைக் குடுக்கறது? பகல் நர்ஸ் பேப்பர்ல எழுதுவா, நான் ஸ்கிரீன்ல பாப்பேன், ரெண்டு டோஸ் போயிரும். ஓபி வேணா தனியா முதல்ல போங்க, லேப் முதல்ல போங்க. ஆனா ஒரு வார்டுக்குள்ள மருந்தும் சார்ட்டும் நோட்ஸும் ஒரே நாள்ல மாறணும். துறை வாரியாப் பிரிச்சா பேஷண்ட் வார்டு மாறறப்ப என்ன ஆகும்னும் முன்கூட்டியே யோசிச்சு வெக்கணும்.

சர்வர்ரூம்:
நியாயம்க்கா. ஒரு பேஷண்ட்டுக்கு மருந்து விஷயத்துல ஒரே இடம்தான் இருக்கணும்ங்கறது சரி. அப்ப நான் சொன்னதை மாத்திக்கறேன், வார்டு வார்டா போங்க, வார்டுக்குள்ள பிரிக்காதீங்க.

ஜெனரல்மெடிசின்:
இந்த இடத்துல ரெண்டு ஆஸ்பத்திரியைப் பத்திச் சொல்லியாகணும். பிட்ஸ்பர்க்ல குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒண்ணு, கம்ப்யூட்டர் ஆர்டர் சிஸ்டத்தை ஒரு வாரத்துக்குள்ள ஆஸ்பத்திரி முழுக்க இறக்கினாங்க. வெளி ஆஸ்பத்திரில இருந்து மாத்தி வந்த குழந்தைகள்ல இறப்பு 2.80 சதவீதத்துல இருந்து 6.57 சதவீதம் ஆனதுன்னு அவங்க டாக்டர்களே 2005ல பப்ளிஷ் பண்ணாங்க. காரணமா அவங்க சொன்னதைப் பாருங்க. முன்னாடி ஆம்புலன்ஸ் வழியில இருக்கறப்பவே ஐசியு டீம் ஆர்டர் எழுதி மருந்து தயார் பண்ணிருவாங்க, சிஸ்டம் வந்தப்புறம் குழந்தை வந்து சேந்து பதிவு ஆனாத்தான் ஆர்டரே போட முடியும். மருந்தையும் வார்டுல இருந்து எடுத்து மத்திய ஃபார்மஸிக்குக் கொண்டு போயிட்டாங்க. நர்ஸுங்க பெட் பக்கத்துல இருக்க வேண்டிய நேரத்துல கம்ப்யூட்டர்கிட்ட இருந்தாங்க.

அடுத்த வருஷம் சியாட்டில்ல இருந்து ஒரு ஆய்வு வந்தது. அதே வெண்டர் சாஃப்ட்வேர், அதுவும் குழந்தைகள் ஐசியு, இறப்பு கூடல. அவங்க ஐசியுவுக்கான ஆர்டர் செட்டை, அதாவது வழக்கமா சேந்து வர்ற ஆர்டர்களோட தொகுப்பை, முன்னாடியே தயார் பண்ணி வெச்சிருந்தாங்க. சாஃப்ட்வேர் ஒண்ணுதான், சுத்தி இருந்த வேலைமுறைதான் வேற. அதனால எத்தனை நாள்ல மாறறதுங்கறதை விட, ஆள் வந்து சேர்றதுக்கு முன்னாடி நீங்க இப்ப என்னென்ன செய்யறீங்க, அது புது சிஸ்டத்துல செய்ய முடியுமாங்கறதைப் பாருங்க. லாஸ் ஏஞ்சலீஸ்ல பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு இதே மாதிரி ஆர்டர் சிஸ்டத்தை 2003 ஆரம்பத்துல டாக்டர்ஸ் எதிர்ப்பால மூணே மாசத்துல நிறுத்தி வெச்சாங்க. டாக்டர்ஸ் முரண்டு பிடிக்கறாங்கன்னு ஒதுக்காதீங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான், அவங்க முணுமுணுப்புல பாதி வேலைமுறைல இருக்கற ஓட்டையைத்தான் காட்டுது.

எம்ஆர்டி மூலை:
ரெக்கார்ட் ரூம் பத்திக் கேட்டிருந்தீங்க, நான் அந்த மூலையிலதான் வேலை செய்யறேன். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்னு கமிட்டில யாராவது சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. ஒரு தடிமனான ஃபைலை ஸ்கேன் பண்ணா 400 பக்கம் படமா வரும், அதுல எந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, டாக்டர் ஓபில உக்காந்து 400 படத்தைப் புரட்ட மாட்டார். முன்னாடி சிஸ்டர் கேட்ட கேள்விதான் இங்கயும். யார் படிக்கப் போறாங்க?

தொடர்ந்து வர்றவங்க ஃபைல்ல இருந்து மட்டும் நோய்ப் பட்டியல், இப்ப எடுக்கற மருந்து, அலர்ஜி, செஞ்ச ஆபரேஷன், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈசிஜி இதை எடுத்து உள்ள ஏத்துங்க, அதுவும் அப்பாயிண்ட்மெண்ட் வர்றதுக்கு சில நாள் முன்னாடி. ஏத்தினதை டாக்டர் பேஷண்ட் முன்னாடி ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணணும், ஏன்னா பேப்பர்ல இருக்கற மருந்தைப் பேஷண்ட் எப்பவோ நிறுத்தியிருப்பார். மத்த ஃபைல் ரூம்லயே இருக்கட்டும், கேட்டா எடுத்துக் குடுக்க நாங்க இருக்கோம், எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்னு உங்க சட்டம் என்ன சொல்லுதோ அத்தனை வருஷம்.

ஆனா இதைவிட முக்கியமான வேலை ஒண்ணு இருக்கு, ஒருத்தருக்கே ரெண்டு மூணு நம்பர். பில்லிங்ல பல வருஷமா ஓடுதுன்னீங்க, அப்ப நிச்சயம் இருக்கும். இனிஷியல் முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை, கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா பேர் அப்புறம் கணவர் பேர், பிறந்த தேதி தெரியாதவங்களுக்கெல்லாம் ஜனவரி 1, அவசரத்துல பழைய நம்பரைத் தேடாம புதுசு போட்டது. பேப்பர்ல இது ஒரு ஃபைல் கிடைக்கலங்கற பிரச்சனையோட போயிரும். ஈஎச்ஆர்ல அலர்ஜி ஒரு நம்பர்ல இருக்கும், மருந்து இன்னொரு நம்பர்ல எழுதுவாங்க. இதுக்கு நேர் எதிரானது இன்னும் மோசம், ஒரே பேர் இருக்கற ரெண்டு பேரைத் தப்பா ஒண்ணாச் சேத்துட்டா பிரிக்கறதுக்குள்ள உயிர் போயிரும். அதனால சேக்கற வேலையை சாஃப்ட்வேர்கிட்ட முழுசா விடாம, சந்தேகமானதை மனுஷன் பாத்து முடிவு பண்ணட்டும். ரெக்கார்ட் ரூம் ஆளுங்களைக் கமிட்டில சேருங்க சார், பேஷண்ட் பேர்ல என்னென்ன குழப்பம் வரும்னு எங்களைவிட யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் வந்தா நம்ம வேலை போச்சுன்னு பயந்துக்கிட்டு இருப்பாங்க, அந்த பயத்தையும் போக்கின மாதிரி ஆகும்.

அம்மாவோட ஃபைல்:
நான் ஆஸ்பத்திரி ஆள் இல்ல, அம்மாவுக்குக் கிட்னி பிரச்சனை, நாலஞ்சு டாக்டர்கிட்ட பல வருஷமா கூட்டிட்டுப் போறேன். இந்த இழையில எல்லாரும் உள்ள இருந்து பேசறீங்க, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கற ஆளா ரெண்டு விஷயம் சொல்லட்டுமா.

ஒண்ணு, நீங்க எழுதறதைப் படிக்கறவங்கள்ல நானும் ஒருத்தி. அம்மாவோட மருந்துப் பட்டியலை மூணு டாக்டர்கிட்டயும் ஒப்பிக்கறது நான்தான். டிஸ்சார்ஜ் சம்மரில சுருக்கெழுத்தா போட்டுக் குடுத்தா வீட்டுக்கு வந்து எந்த மாத்திரை நிறுத்தினாங்க எது புதுசுன்னு தெரியாம முழிக்கறோம். "நிறுத்தினது, மாத்தினது, புதுசு"ன்னு மூணு தலைப்புல அம்மா படிக்கற மொழியில ஒரு பக்கம் பிரிண்ட் வந்தா அதைவிட பெரிய உதவி இல்ல. ஈஎச்ஆர்ல அது வரும்னா எங்க பக்கமிருந்து முழு ஆதரவு.

ரெண்டாவது, யார் பாக்கறாங்கன்னு தெரியணும். பேப்பர் ஃபைலை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பாக்க முடியும், கம்ப்யூட்டர்ல சம்பந்தமே இல்லாத ஆள் கூட எங்கிருந்தோ திறக்கலாம். எஸ்டோனியால நாடு முழுக்க ஒரே சுகாதாரப் பதிவு 2008ல இருந்து இருக்கு, அங்க தன் ரெக்கார்டை யார் திறந்து பாத்தாங்கன்னு பேஷண்ட்டே உள்ள போய்ப் பாத்துக்கலாம். எனக்கு அது நியாயமா படுது. எங்க விஷயத்தை நாங்க நம்பித்தான் சொல்றோம், குழந்தை இல்லாதது, மனநல மாத்திரை, எச்ஐவி டெஸ்ட், எல்லாம் அதுலதானே இருக்கு.

சர்வர்ரூம்:
மேடம் சொன்னதுல ஒரு வார்த்தை கூட விடாம கமிட்டில வாசிக்கணும் சார். யார் எப்ப எந்த ரெக்கார்டைத் திறந்தாங்கன்னு பதிவாகற ஆடிட் லாக் எல்லா சிஸ்டத்துலயும் இருக்கும், அதை யாரும் திறந்து பாக்கறதில்லங்கறதுதான் பிரச்சனை. மாசத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் பாக்கணும், ஸ்டாஃப் தன் கூட வேலை செய்யறவங்க ரெக்கார்டைத் திறந்திருக்காங்களா, சிகிச்சைல இல்லாத ஆள் திறந்திருக்காங்களான்னு. அவசரத்துக்குப் பூட்டைத் தாண்டி உள்ள போற வசதி இருக்கணும், ஆனா காரணம் கேட்கணும், அது தனியா பதிவாகணும். பாஸ்வேர்டை மானிட்டர்ல ஒட்டி வெச்சு வார்டு முழுக்க ஒரே லாகின்ல ஓட்டினா இது எல்லாமே வீண். ஒட்டறவங்களைத் திட்டறதுக்கு முன்னாடி லாகின் ஆக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க, கார்டைத் தட்டினா திறக்கற மாதிரி பண்ணிட்டா ஒட்டவே மாட்டாங்க.

அப்புறம் சிஸ்டம் படுத்துக்கற நாள். படுக்காதுன்னு சொல்ற வெண்டரை நம்பாதீங்க. 2017 மே மாசம் வான்னாக்ரைங்கற ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற வைரஸ், வந்தப்ப இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான அப்பாயிண்ட்மெண்ட் ரத்தாச்சு, 2021 மே மாசம் அயர்லாந்து பொதுச் சுகாதாரத் துறையையே ரான்சம்வேர் முடக்குச்சு, வாரக்கணக்குல பேப்பர்ல ஓட்டினாங்க. ஒவ்வொரு வார்டுலயும் ஒரு கம்ப்யூட்டர்ல, நெட்வொர்க் இல்லாட்டியும் திறக்கற மாதிரி, அந்த வார்டு பேஷண்ட்டோட மருந்துப் பட்டியலும் அலர்ஜியும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கிக்கிட்டே இருக்கணும், பிரிண்டர் அதுலயே நேரடியா மாட்டியிருக்கணும். காலி ட்ரீட்மெண்ட் சார்ட் கட்டு ஒண்ணு பெட்டியில எப்பவும் இருக்கணும். பேக்கப் எடுக்கறோம்னு சொல்றது பத்தாது, அதுல இருந்து திரும்ப ஏத்திப் பாத்தீங்களான்னு கேளுங்க, அந்த பேக்கப்ல ஒண்ணு நெட்வொர்க்குக்கு வெளிய இருக்கான்னும் கேளுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வேணும்னே சிஸ்டத்தை நிறுத்தி ஒத்திகை பாருங்க, பேப்பரையே தொடாத புது ஸ்டாஃப் அன்னிக்கு என்ன செய்வாங்கன்னு அப்பத்தான் தெரியும்.

காகிதக்கப்பல்:
இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. ஒரு வார்டுல சிஸ்டர் சொன்ன மாதிரி பேப்பரை எல்லாம் மேசையில பரப்பிப் பாத்தோம். அட்மிஷன் அன்னிக்கு பேஷண்ட் பேரும் வயசும் மட்டுமே ஏழு இடத்துல எழுதறாங்க. ஒரு ஷீட்டை யார் படிக்கறாங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல, அதை நிறுத்திப் பாக்கலாம்னு மேட்ரன் சொல்லிட்டாங்க. ரெக்கார்ட் ரூம்ல இருந்து ஒருத்தரையும் ஃபார்மசிஸ்ட்டையும் கமிட்டில சேக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்.

ஒண்ணு மட்டும் எங்களுக்குள்ள முடிவாகல. ராத்திரி டியூட்டி டாக்டர் ஐசியுல மாட்டிக்கிட்டு இருக்கறப்ப வார்டுக்குப் போன்லயே மருந்து சொல்லுவார், நர்ஸ் எழுதிக்குடுப்பாங்க, காலைல அவர் கையெழுத்து போடுவார். சிஸ்டம் வந்தா டாக்டர்தான் ஆர்டர் போடணும்னு ஐடி சொல்றாங்க. அப்ப அந்த நேரத்துல என்ன பண்றது? டாக்டர் லாகினை நர்ஸ்கிட்ட குடுத்துரலாம்னு ஒருத்தர் சொன்னார், எனக்கு அது சரியா படல.

நைட்ஷிஃப்ட் நர்ஸ்:
சரியே இல்ல சார், அதை விடவே விடாதீங்க, நாளைக்கு ஒண்ணுன்னா அந்த நர்ஸ் டாக்டர் பேர்ல ஆர்டர் போட்டதா நிக்கும். நர்ஸ் தன் சொந்த லாகின்லயே "போன் ஆர்டர்"னு ஒரு வகையில போடற வசதி வேணும்னு கேளுங்க, எந்த டாக்டர் சொன்னார், எத்தனை மணிக்குன்னு அதுல வரணும். போட்டதை ஸ்கிரீன்ல இருக்கறபடி மருந்து பேர், அளவு, எப்படிக் குடுக்கறதுன்னு போன்லயே திரும்பப் படிச்சுக் காட்டணும், அவர் ஆமான்னு சொன்னப்புறம்தான் குடுக்கணும். பதினஞ்சா அம்பதான்னு காதுல குழம்பற எண்ணை ஒண்ணு அஞ்சு, அஞ்சு சைபர்னு தனித்தனியா சொல்லணும்.

ஜெனரல்மெடிசின்:
கூடவே, எந்தெந்த மருந்து போன்ல சொல்லவே கூடாதுன்னு ஒரு பட்டியல் போட்டுருங்க, கீமோ மாதிரி. அப்புறம் டாக்டர் லாகின் ஆனதும் முதல் பக்கத்துலயே கையெழுத்துப் போடாத போன் ஆர்டர் வரிசையா வந்து நிக்கணும், அடியில எங்கயோ ஒளிஞ்சிருக்கக் கூடாது. காலை ரவுண்ட்ஸ் முடியறதுக்குள்ள போட்டுடணும்னு விதி வைங்க. மூணு மாசம் கழிச்சு எந்த வார்டுல போன் ஆர்டர் அதிகம்னு எடுத்துப் பாருங்க, அங்க ராத்திரிக்கு டாக்டர் பத்தல, இல்லேன்னா வழக்கமா தேவைப்படற மருந்துக்கு முன்கூட்டியே எழுதி வெக்கற ஆர்டர் இல்லைன்னு அர்த்தம். அதைச் சரி பண்ண வேண்டியது ஐடி இல்ல, நாங்க.